கல்லடிக் காசு

புதையல் தேடிப் போகிற அளவுக்கு எங்கள் வீட்டில் யாரும் சோலியற்றுக் கிடந்ததில்லை. என் மகள் ராமுத்தாய் ஆட்டைக் கட்ட முளை அடிக்கத்தான் போனாள். போனவள் பாவாடை நிறையப் பழங்காசை அள்ளிக்கொண்டு வந்து நின்றாள்.

எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம், மாசி மாதம். ராசிங்காபுரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்கள் புஞ்சை. அதன் கீழ்க்கோடியில் கிணறு. கிணற்றுக்கு இந்தப் பக்கம் ஓர் இலவமரம், அந்தப் பக்கம் எல்லைக்கல். கல்லைத் தாண்டினால் என் வீட்டுக்காரரின் பங்காளி வீட்டுப் புஞ்சை. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் இலவமரத்தடியில் ஆட்டைக் கட்டுவது ராமுத்தாயின் வேலை. அன்றைக்குத் தரை இறுகிக் கிடந்ததால் கடப்பாரையை எடுத்துக் குத்தியிருக்கிறாள். எட்டு வயசுப் பிள்ளை கையில் கடப்பாரையா என்று கேட்காதீர்கள். எங்கள் பிள்ளைகள் அப்படித்தான் வளர்ந்தார்கள், யாருக்கும் கையும் போகவில்லை காலும் போகவில்லை.

வாசலில் மிளகாய் வத்தல் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் பாவாடையை உதறினாள். பச்சை பூத்த செப்புக்காசுகள். அவற்றோடு ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய் ஒன்று. அதன் ஓரத்தில் கயிறு கோக்கிற மாதிரி ஓட்டை.

"யாத்தே, எங்கடி கெடந்துச்சு?"

"எலவ மரத்தடியிலம்மா. துணியில சுத்திக் கெடந்துச்சு. துணி தொட்டதும் பொடிஞ்சிருச்சு."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பின்னே என்ன, மண்ணில் கைவைத்தால் கல்லும் முள்ளும்தான் வரும் என்று இருந்தவளுக்குக் காசு வந்தால் இனிக்காதா? புளியைக் கரைத்துக் காசுகளைத் தேய்க்க உட்கார்ந்தேன். அப்போதுதான் என் வீட்டுக்காரர் வீரணன் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். காசைப் பார்த்தார், சிரித்தார். பிள்ளையின் கையைப் பார்த்தார், சிரிப்பு நின்றுபோனது.

"கையெல்லாம் என்ன ஆத்தா கறுப்பு?"

"கரிப்பா. காசைச் சுத்தி ஒரே கரி."

"கரியா?"

"ஆமாப்பா. கூடை கூடையாக் கெடக்கு."

அவர் மாட்டைக் கட்டாமல் கயிற்றை அப்படியே கீழே போட்டார். மாடு என் மிளகாய் மேல் நடந்தது. நான் கத்தியதுகூட அவர் காதில் விழவில்லை.

எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. எங்கள் பக்கத்தில் அண்ணன் தம்பி நிலம் பிரிக்கும்போது சர்க்காரைக் கூப்பிட மாட்டார்கள். நடுவில் தாங்களே ஒரு கல்லை நட்டுக்கொள்வார்கள். நடுவதற்கு முன்னால் குழியில் கூடை கூடையாகக் கரியைக் கொட்டி, இரண்டு வீட்டுக்காரரும் ஆளுக்குக் கொஞ்சம் காசை மஞ்சள் துணியில் முடிந்து போடுவார்கள். கரியை மண் தின்னாது. நாளைக்கு எவனாவது கல்லைப் பிடுங்கி நகர்த்தி நட்டாலும், கரியும் காசும் கிடக்கிற இடம்தான் எல்லை. என் மாமனார் கோட்டைச்சாமியும் அவருடைய அண்ணனும் பங்கு பிரித்தபோதும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

ஆனால் கல் நிற்பது கிணற்றுக்குக் கிழக்கே. கரி வந்தது கிணற்றுக்கு மேற்கே. அப்படியென்றால் கல் நடந்திருக்கிறது. கல்லுக்குக் காலா இருக்கிறது? மாமனாரின் அண்ணன் குடும்பம் மழையில்லாத காலத்தில் நிலத்தைப் போட்டுவிட்டு மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பிழைக்கப் போயிருந்தது. அவர்கள் மலையில் இருந்தபோது அந்த மகராசன், என் மாமனார், கல்லைப் பெயர்த்துத் தள்ளி நட்டுவிட்டார். செத்துச் சாம்பலான மனுஷனை வையக்கூடாது என்பார்கள். நான் வைதேன், வாய் வலிக்க வைதேன்.

ஏனென்றால் அந்தக் கிணறு நாங்கள் வெட்டியது. கல் அங்கே நிற்கிறது, இது நம் நிலம் என்று நம்பி வெட்டியது. இரண்டு கோடை, என் வீட்டுக்காரர் பாறையை உடைக்க, நான் கூடையில் சுமந்து மேலே கொட்டினேன். கிணறு வருவதற்கு முன்னால் நான் என்ன செய்தேன் தெரியுமா? ராமுத்தாய் பால்குடி மறந்த மாதமே அவளை விட்டுவிட்டு ஏலத்தோட்டத்து ஜீப்பில் ஏறினேன். போடிமெட்டு வளைவுகளில் வாந்தி எடுத்து, மேலே அட்டைக் கடியிலும் குளிரிலும் காய் பறித்து, மலையாளத்துக் கங்காணி "வேகம், வேகம்" என்று விரட்ட, மாசக்கணக்கில் லயத்துக் கூலிவீட்டில் கிடந்தேன். திரும்பி வந்தபோது என் பிள்ளை என்னைப் பார்த்து அழுதது, யாரோ என்று. தண்ணீர் வந்த பிறகுதான் ஜீப்பை விட்டேன். கிணறு போனால் மறுபடி ஜீப்புதான். அதனால் சொல்கிறேன், கிணறு எனக்கும் வேண்டியிருந்தது. அதில் ஒளிக்க என்ன இருக்கிறது.

"யார்ட்டயும் காட்டுனியா ஆத்தா?" என்று அவர் கேட்டார்.

"வழியில பெரியாத்தா பாத்தாகப்பா. தண்ணிக் கொடத்தோட வந்தாக. எங்க எடுத்தேன்னு கேட்டாக. எங்க புஞ்சையிலன்னு சொல்லிட்டு ஓடியாந்துட்டேன்."

பெரியாத்தா என்றால் சுந்தரம்மாள். மாமனாரின் அண்ணன் மருமகள், அவர் மலையிலேயே செத்த பிறகு திரும்பி வந்தவள். புருஷன் இல்லாதவள். கல்லுக்கு அந்தப் பக்கத்துக் காய்ந்த நிலம் அவளுடையது. குடிக்கிற தண்ணீரைக்கூட ஊருக்குள் போய்ச் சுமந்துதான் வருவாள். எங்கள் கிணற்றில் கேட்கமாட்டாள், அவ்வளவு ரோஷம்.

சாயங்காலமே வந்துவிட்டாள். வாசலில் நின்றவளை உள்ளே வாருங்கள் அக்கா என்றேன். வரவில்லை. காசைப் பார்க்க வேண்டும் என்றாள். மறைத்தால் சந்தேகம் என்று அவரே எடுத்துக் காட்டினார். ஓட்டை போட்ட வெள்ளி ரூபாயை எடுத்து, உள்ளங்கையில் வைத்துத் தடவினாள்.

"இது எங்க மாமா சின்னப் புள்ளையில அரணாக்கயித்துல கட்டியிருந்த காசு. பங்கு பிரிச்சப்பக் கல்லுக்கு அடியில போட்டேன்னு சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாரு." பிறகு ராமுத்தாய் பக்கம் குனிந்தாள். "எங்க கெடந்துச்சு ஆத்தா?"

பிள்ளை வாயைத் திறந்தது. அதற்குள் அவர் முந்திக்கொண்டார். "கல்லடியிலதான் மதினி. மொளை அடிக்கப் போயித் தோண்டியிருக்கா."

ராமுத்தாய் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். சுந்தரம்மாள் ராமுத்தாயைப் பார்த்தாள். நான் யாரையும் பார்க்காமல் முறத்தைத் தூக்கிக்கொண்டு புடைக்க ஆரம்பித்தேன். முறத்தில் ஒன்றுமில்லை.

"கல்லடியிலன்னா சரிதான் தம்பி" என்று சொல்லிவிட்டுச் சுந்தரம்மாள் போய்விட்டாள். அவள் சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

விடியும் முன்னே அவர் மண்வெட்டியோடு கிளம்பினார். இலவமரத்தடியில் குழியை மூடி, அந்த இடத்தில் ஏர் பூட்டி உழுதுவிட்டார். குழியிலிருந்து அள்ளி வைத்திருந்த கரியை எல்லைக்கல்லின் காலடியில் தோண்டிப் போட்டார். திரும்பி வந்து ராமுத்தாயை மடியில் உட்கார வைத்துக்கொண்டார்.

"யாரு கேட்டாலும் கல்லடியில எடுத்தேன்னு சொல்லணும். சொல்லு பாப்போம்."

"எலவ மரத்தடியிலதானப்பா எடுத்தேன்."

"கல்லடியில."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொய் சொல்றதுன்னா நீங்க சொல்லுங்க. புள்ள வாயில எதுக்குத் திணிக்கிறீக?"

"கேக்கப்போறது அவளத்தானடி. எங்கப்பன் செஞ்ச களவாணித்தனத்துக்கு நான் வெட்டுன கெணத்தக் குடுக்கணுமா? என்னடி நியாயம் இது?" என்றவர் அழுதுவிட்டார். கிணற்றில் பாறை சரிந்து தோளெலும்பு உடைந்தபோதுகூட அழாத மனுஷன். ராமுத்தாய் தன் கறுத்த கையால் அவர் கண்ணைத் துடைத்தாள்.

"கல்லடியிலதான்ப்பா எடுத்தேன்" என்றாள்.

வெயில் ஏறுவதற்குள் ஆள் வந்துவிட்டது. ஊர்ப் பெரியவர் உக்கிரபாண்டி கூப்பிடுகிறார், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு புஞ்சைக்கு வரவேண்டும் என்று. பங்காளியையும் பனங்காயையும் பதம் பார்த்து வெட்ட வேண்டும் என்பார்கள். சுந்தரம்மாள் பதம் பார்த்துத்தான் வெட்டினாள். கோர்ட்டு, போலீஸ் என்று போகவில்லை, நேரே பெரியவரிடம் போயிருக்கிறாள்.

கல்லைச் சுற்றி ஒரு பத்துப் பேர் நின்றார்கள். உக்கிரபாண்டி குத்துக்காலிட்டு உட்கார்ந்து கல்லடி மண்ணைக் கிளறினார். கரித்துண்டை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். பிள்ளையைக் கூப்பிட்டார்.

"பயப்படாமச் சொல்லு தாயி. எங்க எடுத்த?"

"கல்லடியில எடுத்தேன் தாத்தா." பாடம் ஒப்பிக்கிற மாதிரி இல்லை, அழகாகச் சொன்னாள். என் பிள்ளைக்கு இவ்வளவு நன்றாகப் பொய் சொல்ல வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அப்புறம் என்ன சுந்தரம்? கரியும் இங்க கெடக்கு, புள்ளையும் இங்கன்னு சொல்லுது" என்றார் உக்கிரபாண்டி.

சுந்தரம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "மண்ணு புது மண்ணு. எலவ மரத்தடியில இன்னைக்குக் காலையில எவனும் காரணமில்லாம உழுக மாட்டான். புள்ளையச் சொல்லிக் குத்தமில்ல, பெத்தவன் சொன்னதச் சொல்லுது. எனக்கு வேற சாட்சி வேணாம். அவன் புள்ளையப் போட்டுத் தாண்டட்டும். தாண்டிட்டான்னா இனி இந்தக் கெணத்துப் பக்கம் தலவச்சும் படுக்க மாட்டேன்."

கூட்டத்தில் பாதிப் பேர் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் சத்தியம் கிடையாது. பெற்ற பிள்ளையைத் தரையில் படுக்க வைத்து, நான் சொன்னது நிஜம் என்று சொல்லி ஒரு தரம் தாண்ட வேண்டும். தாண்டிவிட்டால் வழக்கு முடிந்தது, அப்புறம் எவனும் வாய் திறக்கக்கூடாது. பொய்யாகத் தாண்டினால் அந்தப் பிள்ளை அடுத்த மாசியைப் பார்க்காது. அடுப்பில் வைத்தால் அரிசி வேகும் என்பது மாதிரி, எங்களில் யாரும் அதைச் சந்தேகப்பட்டதில்லை. நானும் பட்டதில்லை.

"என்ன வீரணா?" என்றார் உக்கிரபாண்டி.

அவர் மாட்டேன் என்று சொல்வார் என்று நான் நின்றேன். மாட்டேன் என்றாலே போதும், கல் திரும்பப் பழைய இடத்துக்குப் போய்விடும், கிணறு போய்விடும், போகட்டும், அதற்கு மேல் ஒன்றுமில்லை. அவர் கிணற்றைப் பார்த்தார். தண்ணீர் இறைக்கிற கமலைக் கயிற்றைப் பார்த்தார். கிணற்றை ஒட்டி எங்கள் புஞ்சையில் முழங்கால் உயரம் நின்ற கடலைச் செடியைப் பார்த்தார்.

"தாண்டுறேன்" என்றார்.

யாரும் ராமுத்தாயைப் படுக்கச் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், யாரும் சொல்லவில்லை. அவளே போய்க் கல்லுக்குப் பக்கத்தில் படுத்தாள். பாவாடையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். கையை நெஞ்சின் மேல் மடித்து வைத்தாள். இப்படித் தாண்டினால் என்ன ஆகும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாதா? தெரு விளையாட்டிலேயே "தாண்டிச் சத்தியம் பண்ணு" என்று சண்டை போடுகிற பிள்ளைகள். நான் அவள் கால் பக்கம் எதிர்வெயிலில் நின்றதால் முகம் சரியாகத் தெரியவில்லை. வயிறு மட்டும் வேகவேகமாக ஏறி இறங்கியது தெரிந்தது.

அவர் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். மலையைப் பார்த்துக் கும்பிட்டார். உதடு அசைந்தது, என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. நான் அவர் முகத்தையே பார்த்தேன். என் பக்கம் திரும்பட்டும், ஒரு தரம் திரும்பட்டும் என்று பார்த்தேன். திரும்பவில்லை. வலது காலைத் தூக்கினார்.

எப்படிப் பாய்ந்தேன் என்று எனக்குத் தெரியாது. பிள்ளையின் இரண்டு காலையும் பிடித்து இழுத்தேன். முதுகு தரையில் உரச அவள் என்னோடு வந்தாள். தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன், எட்டு வயசுப் பிள்ளையை.

"எலவ மரத்தடியிலதான் கெடந்துச்சு" என்றேன். "உழுது போட்ருக்கு. தோண்டிப் பாருங்க, கரி வரும். கெணத்த எடுத்துக்கங்க. எங்கள விடுங்க."

தோண்டினார்கள். கறுத்த மண் வந்தது. கல்லை அன்றைக்கே பெயர்த்து அங்கே நட்டார்கள், கரியும் காசும் பழையபடி அடியில் போயின. நிற்கிற கடலையை மட்டும் நாங்கள் எடுத்துக்கொள்ளலாம், அதுவரை தண்ணீர் இறைத்துக்கொள்ளலாம் என்று உக்கிரபாண்டி சொன்னார். காசை அடியில் போடுவதற்கு முன்னால், ஓட்டைக் காசையாவது வைத்துக்கொள் என்று சுந்தரம்மாளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

சுந்தரம்மாள் ஜெயித்த முகத்தோடு வருவாள், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று நான் வாயைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவள் வந்தாள். ராமுத்தாயின் முதுகில் சிராய்த்த இடத்து மண்ணைத் தட்டிவிட்டாள்.

"தாண்ட மாட்டான்னு நெனச்சுத்தான் கேட்டேன் குருவம்மா" என்றாள். "பெத்தவன் எப்பிடித் தாண்டுவான்னு நெனச்சேன்."

வாய் நீளம் என்று ஊரெல்லாம் பேர் வாங்கினவள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தேன்.

வீட்டுக்கு வருகிற வழி முழுக்க அவர் எனக்குப் பின்னால் வந்தார். "குடியக் கெடுத்துட்டியேடி" என்று ஒரு தரம் சொன்னார். நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் கல்லை எடுத்து எறிந்திருப்பேன், அவ்வளவு ஆத்திரம். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, நாங்கள் தெருவுக்குள் நுழைவதற்கு முன்னே கதை நுழைந்துவிட்டது. குழாயடியில் நின்ற பெண்கள் பிள்ளையைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பகல் முழுக்க அடுப்பு எரியவில்லை. பொழுது சாய்ந்த பிறகு, பிள்ளை பட்டினி கிடக்கிறதே என்று கம்பஞ்சோறு கிண்டினேன். மூவருக்கும் வட்டிலில் போட்டேன். ஜீப்புக்காரனிடம் நாளைக்கே சொல்லி வைக்க வேண்டும் என்றேன். அவர் சரி என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் ராமுத்தாயைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தார். முதுகைத் தொட்டுப் பார்த்தார்.

"வலிக்குதா ஆத்தா?"

"இல்லப்பா."

"அப்பா தாண்டியிருக்க மாட்டேன். சும்மா பாவ்லாதான் காட்டுனேன். காலத் தூக்கிட்டுக் கீழ வச்சிருப்பேன். ஒன்னயப் போயித் தாண்டுவேனா?"

ராமுத்தாய் சோற்றை உருட்டி வாயில் போட்டு, மென்று விழுங்கினாள். கோபமில்லை, அழுகையில்லை, பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள்.

"நான் கண்ண மூடலப்பா. பாத்துக்கிட்டேதான் படுத்திருந்தேன். ஒங்க காலு என் வயித்துக்கு நேர வந்துருச்சு. அம்மா இழுக்கலன்னா அந்தப் பக்கம் வச்சிருப்பீக."

அவர் அவள் முதுகிலிருந்த இடது கையை எடுத்துக்கொண்டார்.

"பரவால்லப்பா. தாண்டிருவீகன்னு தெரிஞ்சுதான் படுத்தேன்" என்றாள்.

அவர் கை சோற்றிலேயே இருந்தது. எழுந்திருக்கவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. ராமுத்தாய் இன்னும் கொஞ்சம் மோர் கேட்டாள், நான் ஊற்றினேன்.